டாக்டரின் நிழலில் சில நாள்

எஸ்.பி.எம். தேர்வின் முடிவு வெளிவந்த மாலைப்பொழுதில், தோட்டத்துப் பெற்றோர் சிலர் என் வீட்டு வாசலுக்கு வருவது ஆண்டுதோறும் நிகழும் காரியம். ஆறாம் ஆண்டோடு எங்கள் பள்ளியை விட்டுச் சென்ற பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் நல்ல புள்ளிகள் பெற்றிருக்கும். "சார், பையனை டாக்டருக்குப் படிக்க வைக்கணும். நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்பார் தகப்பனார். பையன் தலை குனிந்து பக்கத்தில் நிற்பான். "தம்பி, ஒரு டாக்டர் காலை முதல் மாலை வரை என்ன செய்கிறார் என்று நீ பார்த்ததுண்டா?" என்று அவனைக் கேட்பேன். "காய்ச்சலுக்கு மருந்து வாங்கப் போயிருக்கேன், சார்" என்பதே பெரும்பாலும் விடையாக இருக்கும்.

மருந்து வாங்கப் போனவன் டாக்டரைக் கண்டது ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை நம்பி எட்டு ஒன்பது ஆண்டுகளை அவன் ஒப்புக்கொடுக்க வேண்டியிருக்கிறது. பல்கலைக் கழகத்துக்கு முந்திய படிப்பு ஓராண்டோ ஒன்றரை ஆண்டோ. மருத்துவப் பட்டத்துக்கு ஐந்து ஆண்டு. அதற்குமேல் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஹவுஸ்மனாக இரண்டு ஆண்டு. அரசாங்கப் பல்கலைக் கழகத்தில் இடம் கிடையாவிட்டால் தகப்பனாரின் ஊழியர் சேமநிதியும், தாயாரின் நகையும், வங்கிக் கடனும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே வரும். மூன்றாம் ஆண்டில் முதன்முதலாக நோயாளியின் கட்டிலண்டை நிற்கும்போது, 'இஃது எனக்கு ஒவ்வாத வேலை' என்று ஒரு பிள்ளை உணருமானால், திரும்பி வருவதற்குப் பாதை ஏது?

ஆதலால், படிவம் 4 அல்லது 5இல் பயிலும் மாணவர் டாக்டர் ஒருவரைச் சில நாட்கள் உடனிருந்து கவனிக்கும் வழக்கத்தைப் பற்றி ஈண்டு விளக்க விரும்புகிறேன். மேலை நாடுகளில் இதனை நிழல்போலத் தொடர்தல் என்பர். பெயருக்கேற்ப, மாணவன் ஒரு மூலையில் நின்று பார்ப்பான், அவ்வளவே. நோயாளியைத் தொடுவதில்லை, மருந்து எடுத்துக் கொடுப்பதில்லை, தானாக நோயாளியிடம் கேள்வி கேட்பதுமில்லை. இதற்குச் சம்பளம் கிடையாது. இதனால் மருத்துவக் கல்லூரியில் இடம் உறுதியாகிவிடும் என்று எவரேனும் கூறினால் நம்ப வேண்டாம். நேர்முகத் தேர்வில், 'ஏன் டாக்டராக விரும்புகிறாய்?' என்று கேட்கப்படும்போது, மனப்பாடம் செய்த வாக்கியத்துக்குப் பதிலாகத் தான் கண்டதைச் சொல்வதற்கு இது உதவும்.

வைத்தியத்தைப் பார்த்துக் கற்பது புதிய ஏற்பாடன்று. பரம்பரைச் சித்த வைத்தியர்களின் பிள்ளைகளும் சீடர்களும் மூலிகை பறித்து, அரைத்து, நாடி பார்க்கும்போது அருகே அமர்ந்துதான் தொழில் கற்றனர். சுசுருத சங்கிதையிலே, சத்திர வைத்தியம் பயிலும் மாணாக்கன் மனித உடலில் கத்தி வைப்பதற்கு முன்னர்ப் பூசணி, சுரை, வெள்ளரி முதலிய காய்களில் அறுத்துப் பழகவேண்டும் என்று விதிக்கப்பட்டிருக்கிறது. மேல்நாட்டில் நெடுங்காலம் மருத்துவப் படிப்பு என்பது விரிவுரை மண்டபத்தில் நூலை வாசிப்பதாகவே இருந்தது. 1893இல் திறக்கப்பட்ட அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவப் பள்ளியில் வில்லியம் ஆஸ்லர் என்னும் பேராசிரியர் மாணவர்களை வார்டுக்குள் அழைத்துச் சென்று, நோயாளியின் கட்டிலருகே நிறுத்திப் போதித்தார். இன்று உலகெங்கும் பின்பற்றப்படுவது அம்முறைதான்.

ஆயினும், நமக்கு மிக அணுக்கமான உதாரணம் யாழ்ப்பாணத்தில் இருக்கிறது. சாமுவேல் பிஸ்க் கிறீன் என்ற அமெரிக்க மிஷன் வைத்தியர் 1847இல் அங்கு வந்து சேர்ந்தார். அடுத்த ஆண்டு மானிப்பாயில் வைத்தியசாலை அமைத்தார். தாம் ஒருவரே ஒரு நாட்டுக்கு வைத்தியம் செய்துவிட முடியாது என்பதை உணர்ந்த அவர், உள்ளூர் இளைஞர் சிலரைத் தம்முடன் வைத்துக்கொண்டு பயிற்றலானார். காலையில் நோயாளிகள் வரும்போது அவ்விளைஞர்கள் உடனிருப்பர். மற்ற நேரத்தில் பாடம். தொடக்கத்தில் பாடம் ஆங்கிலத்தில் நடைபெற்றது. ஆங்கிலம் கற்றவர் அரசாங்க உத்தியோகத்தை நாடி நகரங்களுக்குப் போய்விடுகின்றனர், கிராமத்தில் தங்குவதில்லை என்று கண்ட கிறீன், 1864 முதல் வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். அதற்கு நூல் வேண்டுமே? கலைச்சொற்களை ஆக்கி, நூல்களை மொழிபெயர்த்து, மாணாக்கரைக் கொண்டும் மொழிபெயர்ப்பித்தார். 'இரண வைத்தியம்', 'மனுஷ அங்காதிபாதம்', 'கெமிஸ்தம்' என்பன அவ்வாறு வெளிவந்தவை. 1873இல் அவர் நாடு திரும்பும்வரை அறுபதுக்கு மேற்பட்டோர் அவரிடம் பயின்று வைத்தியராயினர். அவர்களுள் ஏறத்தாழப் பாதிப்பேர் தமிழிலேயே கற்றவர்கள். அவர்கள் நூலை மட்டும் கற்றவரல்லர். டாக்டரின் கையையும் முகத்தையும் பேச்சையும் நாள்தோறும் பார்த்துப் பழகியவர்கள். மானிப்பாயில் அந்த ஆஸ்பத்திரி இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கிறது.

நிற்க. மலாயாத் தோட்டங்களிலும் இதற்கு ஒருவகை இணை இருந்தது. அதுதான் தோட்டத்து டிரஸ்ஸர். டாக்டர் பல தோட்டங்களுக்குப் பொதுவானவர். குறித்த நாளில் காரில் வந்து, வரிசையில் நிற்போரைப் பார்த்துவிட்டு அடுத்த தோட்டத்துக்குப் போய்விடுவார். மற்ற நாட்களிலெல்லாம் டிரஸ்ஸரே வைத்தியர். பால் வெட்டும் கத்தி விரலில் பட்டாலும், குழந்தைக்கு இழுப்பு வந்தாலும், நள்ளிரவில் பாம்பு தீண்டினாலும் லயத்தார் ஓடியது அவரிடந்தான். அவருடைய தொழிலறிவில் பெரும்பகுதி, ஆஸ்பத்திரியில் டாக்டரின் பின்னே நடந்து பெற்றது. தோட்ட ஆஸ்பத்திரி உதவியாளரைப் பதிவு செய்யும் சட்டமே 1965இல்தான் பிறந்தது என்றால், அதற்கு முந்திய காலத்தில் இத்தொழில் எவ்வாறு கைமாறி வந்தது என்பதை வாசகர்கள் ஊகிக்கலாம்.

எழுபதுகளில் சிறுவனாக இருந்த நான், எங்கள் தோட்டத்து மருந்தகத்தின் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு டிரஸ்ஸர் ஐயா புண்ணுக்குக் கட்டுப்போடுவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். விரட்டமாட்டார். "பார்க்கிறதுன்னா ஓரமா நின்னு பாரு, வெளிச்சத்தை மறைக்காதே" என்பார். எனக்கு அத்தொழிலில் நாட்டம் உண்டாகவில்லை. ஆயினும், சீழ் வடியும் காலைக் கையிலேந்திச் சுத்தம் செய்வது எப்படிப்பட்ட வேலை என்பது ஏழு வயதிலேயே எனக்குத் தெரிந்திருந்தது.

அந்தச் சன்னல் இன்று நம் பிள்ளைகளுக்கு இல்லை. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடமைப்புத் திட்டங்களாயின. மருந்தகங்கள் பல மூடப்பட்டன. கோல சிலாங்கூர் வட்டாரத்திலிருந்து நம்மவர் பெஸ்தாரி ஜெயா (2007க்கு முன் பத்தாங் பெர்ஜுந்தை), ஈஜோக், புஞ்சாக் ஆலம் முதலிய இடங்களிலுள்ள அடுக்குமாடிகளுக்கும் தரை வீடுகளுக்கும் பெயர்ந்துவிட்டனர். நகரத்து டாக்டரின் மகளுக்குச் சித்தப்பாவும் டாக்டர், பெரியம்மாவும் டாக்டர். ஒரு தொலைபேசி அழைப்பில் அவளுக்கு ஆஸ்பத்திரிக் கதவு திறக்கும். செம்பனைக் குலை வெட்டுகிறவரின் மகளுக்கு அழைப்பதற்கு ஆளில்லை. அவள் கடிதம் எழுதித்தான் கேட்க வேண்டும். கேட்கலாம் என்பதே அவளுக்குத் தெரியாது. இக்கட்டுரை எழுதப் புகுந்ததற்கு அதுவே காரணம்.

இனி, ஏற்பாடு செய்யும் முறையைக் கூறுவேன்.

முதலில் அணுகத் தக்கது சிற்றூரிலுள்ள தனியார் கிளினிக். அங்கு டாக்டர் ஒருவரோ இருவரோ இருப்பர். அனுமதி தரும் அதிகாரமும் அவர்கள் கையிலேயே இருக்கும். உங்கள் குடும்பம் வழக்கமாகச் செல்லும் கிளினிக்காயின் இன்னும் நல்லது. கூட்டம் மிகுந்த திங்கட்கிழமைக் காலையில் போய்க் கேட்காதீர்கள். கடிதத்தை முகப்பிலுள்ள பெண்ணிடம் கொடுத்து, டாக்டருக்கு எப்போது ஓய்வு என்று கேட்டு, அந்நேரத்தில் மீண்டும் செல்லுங்கள்.

இரண்டாவது, அரசாங்கச் சுகாதாரக் கிளினிக். ஒரு வெள்ளி கொடுத்து நம் மக்கள் வைத்தியம் பார்த்துக்கொள்ளும் இடம் இது. ஆனால், அங்குள்ள டாக்டர் தாமாக அனுமதி அளித்துவிட முடியாது. அவர் மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் கீழ்ப் பணியாற்றுபவர். ஆகவே கடிதம் மாவட்டச் சுகாதார அதிகாரிக்குச் செல்ல வேண்டும். மூன்றாவது, ஆஸ்பத்திரி. கோல சிலாங்கூர் மாவட்டத்தாருக்குத் தஞ்சோங் காராங் ஆஸ்பத்திரி. வடக்கே இருப்போருக்குச் சபாக் பெர்ணம் தெங்கு அம்புவான் ஜமாஆ ஆஸ்பத்திரி. கிழக்கே உலு சிலாங்கூரில் கோல குபு பாரு ஆஸ்பத்திரி. இவற்றுக்கு விண்ணப்பம் ஆஸ்பத்திரி டைரக்டரின் பெயருக்கு எழுதப்பட வேண்டும். சில ஆஸ்பத்திரிகள் 18 வயது நிரம்பாதவரை வார்டுக்குள் அனுமதிப்பதில்லை. அது பிடிவாதமன்று, நோய் தொற்றினாலோ, கண்ட காட்சியால் மனம் கலங்கினாலோ பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தாம். சுங்கை பூலோ, கிள்ளான் ஆகிய இடங்களிலுள்ள பெரிய ஆஸ்பத்திரிகளில் மருத்துவ மாணவர்களும் ஹவுஸ்மன்களும் ஏற்கெனவே டாக்டரைச் சூழ்ந்து நிற்பர். பள்ளி மாணவனுக்கு அங்கு நிற்க இடம் கிடைத்தாலும் பார்க்க இடம் கிடைக்காது. என் அபிப்பிராயத்தில் சிறிய இடமே சிறந்தது.

கடிதம் மலாயில் இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேற்பட வேண்டாம். அதில் அடங்க வேண்டியவை: பெயர், வயது, பள்ளி, படிவம், எந்தத் தேதிகளில் வர விரும்புகிறாய், எத்தனை நாள், எத்தனை மணி நேரம், உன்னை அழைத்து வந்து திரும்ப அழைத்துச் செல்பவர் யார். பிறகு, மூன்று உறுதிமொழிகளைத் தெளிவாக எழுது. பார்ப்பதல்லாமல் வேறெதுவும் செய்யமாட்டேன். நோயாளி விரும்பாவிட்டால் உடனே வெளியேறுவேன். பார்த்ததையும் கேட்டதையும் எவரிடமும் சொல்லமாட்டேன். 'சிறு வயது முதற்கொண்டே ஏழைகளுக்குச் சேவை செய்யும் இலட்சியம் என் நெஞ்சில் கனன்றுகொண்டிருக்கிறது' என்பன போன்ற வரிகளை எழுத வேண்டாம். வேலைப்பளு மிகுந்த டாக்டர் தேதியையும் நேரத்தையுந்தான் தேடுவார். கடிதத்தோடு பள்ளி முதல்வரோ ஆலோசக ஆசிரியரோ எழுதிய ஒரு தாளும், தாய் தந்தையரின் கையொப்பமிட்ட சம்மதமும் இணைக்கப்பட வேண்டும். தடுப்பூசிப் பதிவின் நகலையும் சேர்ப்பது நன்று. நம் நாட்டில் 1989 முதல் குழந்தைகளுக்கு மஞ்சள்காமாலை 'பி' தடுப்பூசி போடப்பட்டு வருகிறது. ஆனால், பதிவுப் புத்தகம் வீடு மாறும்போது தொலைந்துபோன குடும்பங்கள் பல.

எத்தனை நாள் கேட்பது? மூன்று அரை நாட்கள் போதும் என்பேன். ஒரு நாள் எனில் எல்லாம் வேடிக்கையாகத் தோன்றும். இரண்டாம் நாளில் கால் வலிக்கும். மூன்றாம் நாளில்தான், ஒரே விதமான இருமலை இருபதாம் முறையாகக் கேட்கும் டாக்டர் எப்படி அதே கவனத்தோடு கேட்கிறார், அல்லது எங்கே அலுத்துவிடுகிறார் என்பது கண்ணுக்குத் தெரியும். ஒரு வாரத்துக்கு மேல் கேட்டால் கிளினிக்குக்குப் பாரம்.

பதில் வராமலிருப்பதும் மறுப்பு வருவதும் இயல்பு. இரண்டு வாரம் பொறுத்து ஒருமுறை நினைவூட்டலாம். அதற்குமேல் விட்டுவிட்டு அடுத்த இடத்துக்கு எழுத வேண்டும். ஐந்து கடிதம் எழுதினால் ஒன்றுக்கு இணக்கமான பதில் வருவதை நல்ல பலன் என்றே கொள்ளலாம்.

இவற்றையெல்லாம் விட முக்கியமான ஒரு செய்தி இருக்கிறது. அதை நான் புத்தகத்தில் படித்து அறியவில்லை. பிறர் வருந்தக் கண்டு அறிந்தேன். பல ஆண்டுகளுக்கு முன் என் பழைய மாணவி ஒருத்திக்கு ஒரு கிளினிக்கில் இடம் கேட்டுக் கொடுத்தேன். கெட்டிக்காரப் பெண், அடக்கமானவளுங்கூட. எல்லாம் சொல்லி அனுப்பினேன். இரகசியத்தைப் பற்றியும் சொன்னேன். ஆனால், 'இரகசியம்' என்ற சொல்லை மட்டுமே சொன்னேன். அதன் பொருளை விளக்கவில்லை. இரண்டாம் நாள் அங்கு வந்த நோயாளி, அவள் வசிக்கும் அதே வரிசையில் நான்கு வீடு தள்ளியிருக்கும் பெண்மணி. மாணவியைப் பார்த்துச் சிரித்தார். டாக்டர் கேட்டபோது, "நம்ம புள்ளதானே, இருக்கட்டும்" என்றார். தம் நோயைச் சொன்னார். அன்றிரவு சாப்பிடும்போது அந்த மாணவி தன் தாயாரிடம், "பாவம்மா அந்த அத்தை" என்று தொடங்கி, இரண்டே வாக்கியம் சொல்லியிருக்கிறாள். பெயரைக்கூடச் சொல்லவில்லையாம். தோட்டத்தில் பெயர் எதற்கு? இரண்டு நாளில் செய்தி தண்ணீர்க் குழாயடிக்கு வந்துவிட்டது. அந்தப் பெண்மணி அதன்பிறகு அந்தக் கிளினிக்குக்குப் போகவில்லை. வெகு தூரத்திலுள்ள வேறோர் இடத்துக்கு இரண்டு பஸ் மாறிப் போகலானார். பிறகு அதையும் நிறுத்திவிட்டார் என்று கேள்விப்பட்டேன். மாணவி என்னிடம் வந்து அழுதாள். அவளைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. சொல்லிக் கொடுக்க வேண்டியவன் நான்.

அன்று முதல் நான் மூன்று காரியங்களை வற்புறுத்துகிறேன். முதலாவது, வசிக்கும் ஊரிலுள்ள கிளினிக்குக்குப் போகக் கூடாது. பெஸ்தாரி ஜெயாப் பிள்ளை தஞ்சோங் காராங்கிற்குப் போகட்டும். ஜெராம் பிள்ளை ஈஜோக்கிற்குப் போகட்டும். வழக்கமாகச் செல்லும் கிளினிக் நல்லது என்று மேலே எழுதினேன். அஃது ஊருக்கு வெளியே இருந்தால் மட்டுமே. இரண்டாவது, தெரிந்தவர் எவரேனும் உள்ளே நுழைந்தால், அவர் 'இருக்கட்டும்' என்று சொன்னாலும், மாணவர் தாமாக எழுந்து வெளியே வந்துவிட வேண்டும். நம் மக்கள் டாக்டரின் முன்னிலையில் 'வேண்டாம்' என்று சொல்லக் கூசுவார்கள். அவர்களுடைய சம்மதத்தை அப்படியே சம்மதமாகக் கொள்ளலாகாது. மூன்றாவது, பெற்றோருக்கும் அறிவுரை வேண்டும். பிள்ளை வீடு திரும்பியதும், "இன்னிக்கு யாரு வந்தா? என்ன நோவு?" என்று கேட்கக் கூடாது. "கால் வலிக்குதா? சாப்பிட்டியா?" என்று கேட்டால் போதும்.

நோயாளியின் இரகசியத்தைக் காப்பது டாக்டருக்குக் கட்டாயக் கடமை. மலேசிய மருத்துவ மன்றம் அதற்கு விதிமுறை வகுத்திருக்கிறது. 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒருவருடைய உடல்நிலை பற்றிய விவரத்தைத் தனிப் பாதுகாப்புக்குரியதாக வகைப்படுத்தியுள்ளது. மாணவன் வாய் தவறினால் தலைகுனிவது அனுமதி கொடுத்த டாக்டர். அடுத்த பிள்ளைக்கு அந்தக் கதவு மூடிவிடும். கைத்தொலைபேசியில் படம் எடுப்பதைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. அதை முகப்பிலேயே கொடுத்துவிட்டு உள்ளே போவதே உத்தமம்.

இனி, உள்ளே என்ன பார்ப்பது? பிள்ளைகள் பெரிய காட்சிகளை எதிர்பார்த்துப் போகிறார்கள். விபத்து, இரத்தம், அவசர சிகிச்சை என்று. அவர்கள் காணப்போவது பெரும்பாலும் நீரிழிவும் இரத்த அழுத்தமுமே. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி இந்நாட்டுப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களைத் தனியே எடுத்துக்கொண்டால் 31.4 விழுக்காடு. ஆகையால் அந்த அறையில் நம்மவர் முகங்கள் நிறையவே தெரியும்.

அங்கே கவனிக்கத் தக்க ஒன்றைச் சொல்கிறேன். சோதனைக்கு இரண்டு நாள் இருக்கும்போது சோற்றையும் இனிப்பையும் குறைத்துக்கொண்டு, 'சர்க்கரை நல்லா இருக்கு டாக்டர்' என்று வருவோர் பலர். விரல் நுனியில் எடுத்த இரத்தம் அன்றைய அளவை மட்டுமே காட்டும். ஆனால், டாக்டர் வேறொரு சோதனைத் தாளையும் பார்ப்பார். இரத்தத்தின் சிவப்பணு ஏறத்தாழ 120 நாள் உயிர் வாழ்வது. அத்தனை நாளும் இரத்தத்தில் ஓடும் சர்க்கரை, அதிலுள்ள ஹீமோகுளோபின் என்ற சிவப்புப் பொருளோடு சிறிது சிறிதாக ஒட்டிக்கொள்கிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று அளந்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களில் அவர் எப்படி இருந்தார் என்பது தெரிந்துவிடும். இரண்டு நாள் பட்டினி அதனை மாற்றாது. இதை எந்தப் பாடநூலிலும் படிக்கலாம். நேரில் பார்க்க வேண்டியது என்னவெனில், பொய்யைக் கண்டுகொண்ட டாக்டர் அடுத்து என்ன பேசுகிறார் என்பதே. ஒருவர் கோபிப்பார். ஒருவர், "போன மாசம் வீட்டில் ஏதாவது விசேஷமா?" என்று கேட்டுச் சிரிப்பார். யாருடைய நோயாளி மறுமுறை வருகிறார் என்று மாணவன் யோசித்துப் பார்க்கட்டும்.

டாக்டர் எழுதும் நேரத்தையும் கவனிக்க வேண்டும். நோயாளியோடு பேசுவதில் பாதி, கணினியில் பதிவதில் பாதி என்று நாள் கழிவதைப் பார்த்துச் சில பிள்ளைகள் திகைத்துப் போகிறார்கள். திகைக்கட்டும், அதுவும் தொழிலே.

இரத்தத்தைக் கண்டு மயக்கம் வருமே என்று அஞ்சுவோருக்கு ஒரு வார்த்தை. இது கோழைத்தனமன்று, உடலின் இயல்பு. அதிர்ச்சியூட்டும் காட்சியைக் கண்டதும் ஒருவகை நரம்பு இருதயத் துடிப்பைத் தளர்த்துகிறது. இரத்தக் குழாய்கள் விரிந்து இரத்தம் கால்களில் தேங்குகிறது. மூளைக்குச் செல்லும் இரத்தம் சற்றுநேரம் குறைந்து கண் இருள்கிறது. காலை உணவு கொள்ளாமல், ஓரிடத்தில் விறைப்பாக நெடுநேரம் நின்றால் இது எளிதில் வரும். ஆகவே பசியாறிவிட்டுப் போக வேண்டும். முழங்காலை அசைத்துக்கொண்டு நிற்க வேண்டும். தலை சுற்றினால் வெட்கப்படாமல் சொல்லிவிட்டு உடனே தரையில் உட்கார்ந்துவிட வேண்டும். நின்றபடி சமாளிக்க முயன்றவர்தாம் விழுந்து தலையில் அடிபடுகின்றனர். மருத்துவ மாணவர்களுள் மயங்கி விழுந்தவர் எத்தனையோ பேர். பழகப் பழக இது குறைந்துவிடும்.

நான் ஆசிரியர் பயிற்சிக்குச் சென்ற காலத்தில், பாடம் நடத்த விடுவதற்கு முன் எங்களை வகுப்பின் பின்வரிசையில் உட்கார வைத்தார்கள். எங்கள் விரிவுரையாளர், "ஆசிரியரைப் பார்க்காதே, மூன்றாம் வரிசைப் பையனைப் பார்" என்று சொல்வார். பாடம் விளங்குகிறதா என்பது அவன் முகத்தில்தான் தெரியுமாம். டாக்டரைப் பார்க்கப் போகும் பிள்ளைக்கும் இதையே நான் சொல்வது வழக்கம். டாக்டர் பேசும்போது நோயாளியின் முகத்தைப் பார். மலாயில் சொன்ன மருந்து விவரம் பாட்டிக்குப் புரிந்ததா, தலையை மட்டும் ஆட்டினாரா? புரியவில்லை என்று நீ கண்டால் அங்கேயே குறுக்கிடாதே; நோயாளி போனபின் டாக்டரிடம் மெல்லச் சொல். அதற்காக நன்றி கூறும் டாக்டர்கள் உண்டு.

நாள் முடிவில் இரண்டு கேள்விக்கு மேல் கேட்க வேண்டாம். 'இந்த வேலையில் எது உங்களுக்குச் சலிப்பைத் தருகிறது?' என்பது அவற்றுள் ஒன்றாக இருக்கட்டும். மற்றொன்று, உத்தியோக நிலைமை பற்றியது. 2016ஆம் ஆண்டின் இறுதியிலிருந்து அரசாங்கம் புதிய டாக்டர்களை ஒப்பந்த முறையில் நியமிக்கத் தொடங்கியது. நிரந்தரப் பதவியும் மேற்படிப்புக்கான வாய்ப்பும் கேட்டு, 2021 ஜூலை 26இல் நாட்டின் பல ஆஸ்பத்திரிகளில் இளம் டாக்டர்கள் கருப்புடை அணிந்து வெளியே வந்து நின்றதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். பின்னர்ப் பலருக்கு நிரந்தரப் பதவி கிடைத்தது என்றாலும், 'டாக்டர் ஆகிவிட்டால் கவலையில்லை' என்று நம் பெற்றோர் எண்ணியிருந்த காலம் மாறிவிட்டது. இதைப் பற்றி இளம் டாக்டர் ஒருவர் சொல்லக் கேட்பது, நான் சொல்வதைவிடப் பிள்ளையின் மனத்தில் பதியும்.

டாக்டர் கிடைக்காவிட்டால் வேறு எவரையும் பார்க்கக் கூடாது என்பதில்லை. சுகாதாரக் கிளினிக்கில் மருத்துவ உதவி அதிகாரி இருக்கிறார். பழைய டிரஸ்ஸரின் வழித்தோன்றல் அவரே. தாய் சேய் நலத் தாதி இருக்கிறார், மருந்தாளர் இருக்கிறார், பரிசோதனைக்கூட ஊழியர் இருக்கிறார். கொசு ஒழிப்புக்குப் புறப்படும் சுகாதார ஊழியரோடு ஒரு நாள் சுற்றினாலும் பயனுண்டு. 1901இல் கிள்ளானுக்கு மாவட்ட சர்ஜனாக வந்த மால்கம் வாட்சன், மலேரியாவை வென்றது மருந்தறையில் உட்கார்ந்தன்று; சதுப்பு நிலத்தில் இறங்கி, வடிகால் வெட்டுவித்து. சிலாங்கூர்த் தோட்டங்களில் நம் முன்னோர் ஈக்களைப்போல மடிந்த காலத்தில் அவ்வேலை எத்தனை உயிர்களைக் காத்தது என்பது தனிக் கட்டுரைக்குரிய விஷயம்.

மூன்று நாள் பார்த்துவிட்டு, "எனக்கு இது வேண்டாம், சார்" என்று ஒரு பையன் திரும்பி வந்தான். தகப்பனாருக்கு என்மேல் கோபம். "நல்லா இருந்த புள்ள மனசைக் கலைச்சிட்டீங்களே" என்றார். அவன் காரணம் கேட்டேன். நோயாளிகள் அழுதால் தனக்கும் அழுகை வருகிறது என்றும், பரிசோதனைக்கூடத்தில் நுண்ணோக்கியின் முன் நின்ற அரைமணி நேரத்தில் மட்டுமே மனம் நிம்மதியாக இருந்தது என்றும் சொன்னான். அவன் இப்பொழுது ஓர் ஆஸ்பத்திரியின் பரிசோதனைக்கூடத்தில் வேலை செய்கிறான். தகப்பனார் இன்றும் என்னைத் திருமண வீடுகளில் கண்டால் நலம் விசாரிப்பார். ஆனால் பக்கத்தில் உட்காரமாட்டார்.

ஆண்டிறுதி நீண்ட விடுமுறைக்குப் போக விரும்புவோர் இரண்டு மாதத்துக்கு முன்பே கடிதம் அனுப்பிவிட வேண்டும். அலுவலகங்களில் பதில் மெதுவாகத்தான் வரும். போய் வந்தபின் நன்றிக் கடிதம் ஒன்று கையால் எழுதி அனுப்புவது மரியாதை. அதை டாக்டருக்கு மட்டும் எழுதாமல், மூன்று நாளும் நாற்காலி நகர்த்திப் போட்ட தாதிக்கும் எழுத வேண்டும். எங்கள் பள்ளியின் பழைய மாணவர்கள் சனிக்கிழமை காலையில் வந்தால் மலாய்க் கடிதத்தை நான் திருத்தித் தருவேன். தாயார் அல்லது தகப்பனார் ஒருவர் உடன் வரவேண்டும். அவர்களிடமும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.